முட்டை அட்டையில் எட்டு பிளக்குகள்

இருபத்திரண்டு வருஷமாக உதிரிபாகக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்டால் எங்கள் ஊர் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். எந்த இன்ஜின் என்றால் தரையைப் பார்ப்பார்கள். போன வசந்தத்தில் பிடித்த மீன் எத்தனை பவுண்டு என்று கேட்டுப் பாருங்கள், அவுன்ஸ் சுத்தமாகச் சொல்வார்கள். நெப்ராஸ்காவின் இந்த மேற்கு மூலையில் சர்க்கரை பீட்ரூட்டைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக விளைவதில்லை. ஞாபகசக்தி நிச்சயமாக விளைவதில்லை.

லவர்னா ரைசிக் அந்த ரகமில்லை. நான் புத்தகத்தை எடுப்பதற்குள் வருஷம், இன்ஜின், கியர் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "சீக்கிரம் புரட்டுப்பா, அடுப்புல வேலை கெடக்கு" என்பார். அறுபத்தொன்பது வயது. அவருடைய அப்பாவுக்கு ஏழும் பெண்கள். பீட்ரூட் லாரிகளுக்குக் கீழே படுத்து வேலை செய்ய மகன் இல்லையே என்று அந்த மனுஷர் அழுதுகொண்டிருக்கவில்லை, மூன்றாவது பெண்ணைப் படுக்கவைத்துவிட்டார். அந்த மூன்றாவது பெண்தான் லவர்னா. கல்யாணமான பிறகு ரைசிக் வீட்டு வண்டிகளுக்கும் அவர்தான் மெக்கானிக். கணவர் ரூபென் ஓட்டுவார், அவ்வளவுதான். பானெட்டை எப்படித் திறப்பது என்பதே ரூபெனுக்குத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். ரூபென் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

ஆகவே அந்த அக்டோபர் திங்கட்கிழமை காலையில், அவருடைய எழுபத்தேழாம் வருஷத்து பிக்கப் டிரக்குக்கு ஸ்பார்க் பிளக்கும் வயரும் கேட்டு வந்த லவர்னாவிடம், "இன்ஜின் எதுங்க?" என்று நான் வழக்கமாகக் கேட்டதும் அவர் கூரையைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

"முந்நூத்தி ரெண்டு" என்றார் கடைசியில், கன அங்குலக் கணக்கில். சொல்லிவிட்டு காபிப் பானை இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே எமில் கௌட்ஸ் உட்கார்ந்திருந்தார். எமில் எப்போதுமே அங்கேதான் உட்கார்ந்திருப்பார். காலை ஏழு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது அவரும் உள்ளே வருவார். பத்தரை மணிவரை பகடை உருட்டி, தோற்றவன் தலையில் காபியைக் கட்டுவார். எதையாவது வாங்கினார் என்று எந்த ரசீதும் சொல்லாது. பேச்சு சரியாகக் காதில் விழுவதில்லை என்று அவர் மனைவி புலம்புவார். அடுத்தவர் சமாச்சாரம் என்றால் மட்டும் அரை மைல் தூரத்திலிருந்தும் விழும்.

லவர்னா ஒரு முட்டை அட்டையைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். பன்னிரண்டு குழியில் எட்டில் பழைய பிளக்குகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் சிலிண்டர் நம்பர். மிச்ச நாலில் முட்டை.

"முட்டை உனக்கு. பிளக்கைப் பாரு" என்றார்.

ஏழு பிளக்குகள் முனையில் நல்ல பழுப்பு நிறம். நாலாம் நம்பர் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. இந்த வயசு இன்ஜினுக்கு அது ஒரு பெரிய வியாதியில்லை. பிளக்கில் கோளாறில்லை, கோளாறு வயரில். வயரில் என்பதும் பாதி உண்மை. முழு உண்மை, கோளாறு மகன் டேரலிடம்.

டேரல் டென்வரில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். ஊரிலிருந்து பதினாலு மைல் வடக்கே, ஒற்றை வண்டியை நம்பி அம்மா தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தவர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று பானெட்டைத் திறந்து, எட்டு வயரையும் ஒரே நேரத்தில் குறடால் பிடுங்கியிருக்கிறார். பாதி அறுந்துவிட்டது. ஒன்றைக் கழற்று, அங்கே புதுசை மாட்டு, பிறகு அடுத்ததைக் கழற்று என்பது ஊரில் கோழிக்குக்கூடத் தெரியும். இன்ஷூரன்ஸ்காரருக்குத் தெரியவில்லை. பிறகு டிரக் கிளம்பவில்லை என்றதும், "பாத்தியாம்மா, இதான் நான் சொன்னது" என்றாராம். கடைசியில் அம்மாவும் பிள்ளையும் கைகொடுத்துக்கொண்டு ஒரு பந்தயம் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேரல் வரும்போது அந்த டிரக் தானாகக் கிளம்பி ஓடினால், டென்வர் என்ற பேச்சை அவர் இனி எடுக்கக்கூடாது. ஓடாவிட்டால் லவர்னா வீட்டைப் பூட்டிவிட்டு அவரோடு காரில் ஏற வேண்டும். அங்கே ஒன்பதாம் மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாராம். கோழி வளர்க்கக் கூடாதாம்.

"ஒன்பதாம் மாடியில ஒருத்தி என்னப்பா பண்ணுவா" என்றார் லவர்னா என்னிடம். "கீழ போற வண்டி எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பாளா? நான் செத்துருவேன்."

அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. 

பிளாட்டினம் முனை பிளக்கை எடுத்து நீட்டினேன். இரண்டு மடங்கு விலை, எனக்கு நல்ல லாபம்.

"அது உன் பொண்டாட்டி காருக்கு. கிழட்டு வண்டிக்குச் செம்புதான் ஒத்துக்கும். சாதாரணத்தை எடு" என்றார்.

"வயர் செவப்புல வாங்கு லவர்னா" என்றார் எமில், காபியிலிருந்து தலையைத் தூக்காமல். "ரூபெனுக்குச் செவப்புன்னா உயிரு. அந்தக் கோப்பையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் வந்தப்ப செவப்புச் சட்டைதான போட்டிருந்தான்."

லவர்னா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது புரிந்தது, ஆனால் தப்பாகப் புரிந்தது.

அந்தக் கோப்பை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டச் சந்தையில் ஆகஸ்ட் மாதம் டிரக் இழுக்கும் போட்டி நடக்கும். பாரம் ஏற்றிய இரும்புச் சறுக்கைப் பின்னால் கட்டி மண்ணில் இழுக்க வேண்டும், யார் டிரக் அதிக தூரம் போகிறதோ அவருக்குக் கோப்பை. அதில் சின்ன இன்ஜின் பிரிவில் முந்நூற்று ஐந்துக்கு மேல் அனுமதியில்லை. யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதும் இல்லை. பெயர் கொடுக்கும்போது இன்ஜின் அளவைச் சொல்வார்கள், எழுதிக்கொள்வார்கள். இங்கே எல்லாரும் ஒரே சர்ச், ஒரே கல்லறைத் தோட்டம். ஒருத்தன் தன் இன்ஜினைப் பற்றிச் சொன்ன சொல்லைச் சந்தேகப்படுவது அவன் மனைவியைச் சந்தேகப்படுவது மாதிரி. எமில் ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்தார், ரூபென் ஐந்து வருஷமும் இரண்டாவது வந்தார். எண்பத்திரண்டில் ரூபென் எமிலை பன்னிரண்டு அடியில் ஜெயித்தார். அதோடு போட்டியை விட்டுவிட்டு, சாகும்வரை அந்தப் பன்னிரண்டு அடியைப் பேசியே காலத்தை ஓட்டினார். எமில் அந்தக் குளிர்காலத்தில் தன் டிரக்கை விற்றார். பதினைந்து வருஷமாகியும் புண் ஆறவில்லை.

எனவே லவர்னா வாய் திறக்காததற்கு, செத்த கணவரை எமில் சீண்டியதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். முந்நூற்று இரண்டுக்கான வயர் செட்டை, கறுப்பில், கொடுத்தேன். எட்டையும் பிடுங்கியாயிற்றே, எந்த சிலிண்டருக்குப் பிறகு எது பொறி வாங்க வேண்டும் என்கிற ஃபயரிங் ஆர்டரையும் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொடுத்தேன். ஒன்று, ஐந்து, நாலு, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு, எட்டு. லவர்னா சீட்டை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்து, உதட்டைச் சுழித்து மடித்து வைத்தார்.

டிரக் இல்லாததால் அவர் ஊருக்கு வந்ததே பள்ளிக்கூட பஸ்ஸில். முன் இருக்கையில், மடியில் முட்டை அட்டையோடு. திரும்பிப் போனது தபால்காரரின் வண்டியில்.

புதன்கிழமை மறுபடியும் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏழாம் நம்பர் வயர் எட்டல. இழுத்துப் பிடிச்சு மாட்டினேன்" என்றார்.

"கிளம்புச்சா?"

"வெடிச்சுது. கார்புரேட்டர் வழியா ஒண்ணு, சைலன்சர் வழியா ரெண்டு. கோழிங்க இன்னும் கூண்டை விட்டு வெளிய வரல."

காபிப் பானைப் பக்கம் எமில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரூபென் மேலேருந்து கோவப்படறான். செவப்பு வாங்குன்னேன், கேட்டியா?"

லவர்னா குரலைத் தாழ்த்தி, புத்தகத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த ஆர்டர் இல்லாம வேற ஏதாச்சும் ஆர்டர் இருக்கா?"

"முந்நூத்தி ரெண்டுக்கு இது ஒண்ணுதாங்க."

"வேறதுக்கு?"

"வேற எதுக்கு?"

அவர் எமிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததில் எமிலைப் பார்த்ததைவிட நம்பிக்கை குறைவாக இருந்தது. எனக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்று ஒரு பெயர் உண்டு. அநியாயமான பெயர் என்று சொல்லமாட்டேன், இப்போதுகூட உங்களிடம் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவர் ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிரீஸ் அவருக்கு எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை போனில் கூப்பிட்டிருக்கிறார். நான் பின்பக்கம் பேட்டரி இறக்கிக்கொண்டிருந்தேன். எமில் போனை எடுத்து, "சொல்லு லவர்னா, நான் எழுதிக்கறேன்" என்றாராம். "மெழுகு இருக்கான்னு கேக்கலாம்னு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம் லவர்னா. எமில் சீட்டில் 'மெழுகு' என்று எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தார்.

அன்று மதியம்தான் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. ஏழாம் வயர் எட்டவில்லை. பொறி தப்பான நேரத்தில் போய் வெடிக்கிறது. முந்நூற்று இரண்டுக்கு ஓர் அண்ணன் உண்டு, முந்நூற்று ஐம்பத்தொன்று. பார்க்க ஒரே அச்சு, உடம்பு கொஞ்சம் அகலம், பொறி வாங்கும் வரிசை மட்டும் வேறு. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. ரூபென் ரைசிக் மாவட்டச் சந்தையில் பெயர் கொடுத்தது முந்நூற்று இரண்டு என்று.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான்? சத்தமில்லாமல் ஐம்பத்தொன்றின் வயர் செட்டை ஒரு பையில் போட்டு, சரியான வரிசையை ஒரு சீட்டில் எழுதி, தபால்காரரிடம் கொடுத்தனுப்பியிருப்பான். நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். சத்தியமாக. செட்டைக்கூட அலமாரியிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட பஸ் வந்து, லவர்னா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் என் வாய் முந்திக்கொண்டது.

"லவர்னா, அது ஒருவேளை முந்நூத்தி அம்பத்தொண்ணா இருக்குமோ?"

காபிப் பானைப் பக்கம் பகடை உருண்ட சத்தம் நின்றது.

எனக்கு என் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது. லவர்னா கவுண்டருக்கு வந்து, கையுறையைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் மாடிக்குப் போகலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எமிலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா" என்றார் லவர்னா. "முந்நூத்தி அம்பத்தொண்ணு."

"திருட்டுப் பய" என்றார் எமில், மெதுவாக, ஏதோ விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி. "பதினஞ்சு வருஷம். பன்னெண்டு அடி, பன்னெண்டு அடின்னு பதினஞ்சு வருஷம்."

"ரூபெனைச் சொல்லாத. அவனுக்குத் தெரியாது."

"புருஷன் வண்டியில இருக்கற இன்ஜின் புருஷனுக்குத் தெரியாதா?"

"அவனுக்கு டயர் உருண்டையா இருக்குங்கறதைத் தவிர வேற என்ன தெரியும்? எண்பத்தொண்ணு அக்டோபர்ல அவன் மான் வேட்டைக்கு வயோமிங் போனான், பத்து நாளு. பனியில புரண்ட கார்லேருந்து அந்த இன்ஜினை வாங்கினேன். எங்க அக்கா வந்தா. ரெண்டு பேருமா வயரைக்கூடக் கழட்டாம சங்கிலி போட்டு எறக்கி ஏத்தினோம். அவன் திரும்பி வந்து ஓட்டிப் பாத்துட்டு, 'லவர்னா, மலைக் காத்து எனக்கு ஒத்துக்கிச்சு, கால் நல்லா அழுந்துது'ன்னான்."

நான் சிரித்துவிட்டேன். எமில் சிரிக்கவில்லை.

"ஏன் பண்ணின?"

"ஏன்னா கேக்கற? அஞ்சு வருஷம் உன்கிட்ட தோத்துட்டு வந்தானே, அந்த வீட்டுல நீயா குடியிருந்த? ஆகஸ்ட்டுல தோத்தா கிறிஸ்துமஸ் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். உப்பு எடுன்னுகூடக் கேக்கமாட்டான், எழுந்து வந்து எடுத்துக்குவான். என்னால புருஷனை மாத்த முடியல எமில். இன்ஜினை மாத்தினேன்."

நான் ஐம்பத்தொன்றின் செட்டைக் கவுண்டரில் வைத்து, வரிசையை எழுத ஆரம்பித்தேன். ஒன்று, மூன்று, ஏழு, இரண்டு.

"ஆறு, அஞ்சு, நாலு, எட்டு" என்றார் எமில் தன் நாற்காலியிலிருந்து.

நான் பேனாவை நிறுத்தினேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எமில் பகடைக் குவளைக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு மனுஷர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட, யாரிடமும், எதற்கும், 'நான் செஞ்சது தப்பு' என்று சொன்ன ஆளில்லை அவர். அன்றைக்கு லவர்னா முன்னால் எழுந்து நின்றார்.

"என் வண்டியில இருந்ததுக்கும் அதே வரிசைதான்" என்றார்.

"உன்னுதும் அம்பத்தொண்ணா?"

"இல்ல. அதுக்கும் பெரிசு. நானூறு."

லவர்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு வருஷமும்?"

"அஞ்சு வருஷமும். ஆறாவது வருஷமும்தான். நானூறை வச்சுக்கிட்டு அந்த முந்நூத்தி ரெண்டுகிட்ட தோத்துட்டனேன்னுதான் வண்டியை வித்தேன். பைத்தியம் பிடிச்சாப்ல இருந்துச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. எண்பத்திரண்டில் மூன்றாவதாக வந்தவர் என் அப்பா. அதற்கு முந்தின ஐந்து வருஷமும் மூன்றாவது அவர்தான். அவருடைய டிரக்கில் இருந்தது, பைபிள் மேல் கைவைத்துச் சொல்கிறேன், முந்நூற்று இரண்டு. முதல் ஐந்து கோப்பை ரூபெனுக்குப் போனாலும், ஆறாவது எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. ஊர்ப் பெரியவர்களாம், சர்ச்சில் முதல் வரிசையாம். இருவரையும் சேர்த்துக் கடைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் லவர்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, எமிலையும் பார்க்கவில்லை.

"அப்ப ரூபென் நெசமாவே ஜெயிச்சிருக்கான்" என்றார்.

"நல்லா ஓட்டினான்" என்றார் எமில். "அன்னிக்கு அவன் ஓட்டின ஓட்டை நான் ஓட்டல. அது உண்மை."

"ஆஸ்பத்திரியில கடைசி நாளு என்னைக் கேட்டான். 'அந்த வருஷம் நல்லா ஓட்டினேன்ல?'ன்னு. உன்னாலதான் ஜெயிச்சோம்னேன். போற மனுஷன்கிட்டப் பொய் சொல்றமேன்னு எனக்குத் தொண்டையை அடைச்சுது. ரெண்டு வருஷமா அது அங்கியே நிக்குது எமில்."

கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எமில் தன் தொப்பியை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தார். "வா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். "பஸ்ல சின்னப் பசங்களோட ஒக்காந்து வராதே, அசிங்கமா இருக்கு."

"பிளக்கை நீ தொடக்கூடாது."

"தொடமாட்டேன்."

"விளக்கு மட்டும் பிடி."

அவர்கள் போன பிறகு காபிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் அப்பாவுக்காகக் கொஞ்சம் கோபப்பட்டேன். மத்தியானம்வரை பட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. டேரல்.

"அம்மா வீட்டுல இல்லைங்க. வண்டியும் இல்ல. நீங்க ஏதாவது விலைபேசி வித்துக் கொடுத்தீங்களா?"

"வண்டி கிளம்புதான்னு பாக்கத்தானே டென்வர்லேருந்து வந்தீங்க?"

"ஆமாங்க."

"கிளம்பிடுச்சு போலிருக்கே."

"எங்க போயிருப்பாங்க?" என்றார், மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிவந்த களைப்போடு.

"கல்லறைத் தோட்டத்துல பாருங்க. அப்பாகிட்ட அவங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கு."

டேரலே எனக்குப் பிறகு சொன்னதுதான் மிச்சம். லவர்னா டிரக்கைக் கல்லறை வரிசைக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை அணைக்காமல் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாராம். எட்டு சிலிண்டரும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததாம். பேசி முடிக்கும்வரை டேரல் வேலிக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார். லவர்னா மகனைப் பார்த்ததும், "வந்துட்டியா? வா, வீட்டுல சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாராம். டேரல் பின்னாலேயே காரில் கிளம்பினார். அந்தப் பதினாலு மைலில் அவரால் அம்மாவைப் பிடிக்க முடியவில்லையாம்.